கல்யாணப் பத்திரிக்கை அடிக்கப் போறீங்களா? மேட்டர் மொதல்ல, டிசைன் அப்புறம்

எங்க வேலூர் பக்கத்துல ரிசப்ஷன் முந்தின நாள் சாயங்காலம், முகூர்த்தம் மறுநாள் விடியக்காலை. இங்கயே பொறந்து வளந்தவங்களுக்கு இத சொல்லணும்னு அவசியமே இல்ல. ஆனா தெக்கத்தி பக்கம் பல ஊர்ல காலையில தாலி கட்டிட்டு அன்னிக்கு சாயங்காலம்தான் வரவேற்பு வைப்பாங்க. நாலஞ்சு வருஷம் முன்னாடி ஒரு வீட்டு பத்திரிக்கையில முகூர்த்தத்த பெருசா மேல போட்டு, ரிசப்ஷன கீழ ஓரமா "மாலை 6.30 மணி முதல்"னு மட்டும் போட்டு விட்டாச்சு, தேதிதான் மேலயே இருக்கே இன்னொரு தடவை எதுக்குன்னு. மதுரையில இருக்கற பொண்ணோட சித்திக்கு காலையில வர முடியல, சாயங்காலத்துக்காச்சும் போயிடலாம்னு குடும்பத்தோட கிளம்பி வந்து எறங்கினா மண்டபத்து வாசல்ல வேற யாரோ கல்யாணத்தோட பேர் போர்டு. அந்தம்மா கையில தட்டோட அப்படியே நின்னாங்களாம். அந்த கார்டோட மேட்டர, அதாவது உள்ள வர்ற வாசகத்த, டைப் பண்ணது நான்தான், இன்னிக்கும் நெனச்சா மனசு கஷ்டமா இருக்கு.

அதனால மொத தடவையா பத்திரிக்கை அடிக்கப் போறவங்க யாரு எங்கிட்ட வந்தாலும் நான் ஆல்பத்த எடுத்து காட்டறதுக்கு முன்னாடி ஒரு வெள்ளத் தாளும் பேனாவும்தான் குடுப்பேன். கார்ட கையில வாங்கறவங்களுக்கு நாலு விஷயம் உடனே தெரியணும். யாருக்கு கல்யாணம், என்னிக்கு, எத்தன மணிக்கு, எந்த மண்டபம். கண்ணாடி எங்க வச்சோம்னு தேடற வயசுல இருக்கற ஒரு பெரியம்மா டியூப் லைட் வெளிச்சத்துல இந்த நாலையும் படிச்சிட்டாங்கன்னா அது நல்ல பத்திரிக்கை, படிக்க முடியலன்னா எவ்ளோ பாயில் (பளபளன்னு ஒட்டற தங்கத் தாள்) போட்டிருந்தாலும் வீண்.

மேட்டர் எழுதறது

ரெண்டு வீட்டுக்காரங்களும் உக்காந்து பேசி மொதல்ல பேரு லிஸ்ட்ட முடிங்க. பொண்ணு மாப்பிள்ள பேர இனிஷியலோட, ஆதார்லயும் ஸ்கூல் சர்ட்டிஃபிகேட்லயும் எப்படி இருக்கோ அப்படியே எழுதுங்க, செல்லப் பேரு வேணும்னா பக்கத்துல போட்டுக்கலாம். இது ஏன் முக்கியம்னு கடைசியில சொல்றேன். அப்புறம் தாத்தா பாட்டி, அப்பா அம்மா, தாய்மாமன், அத்தை, பெரியப்பா, சித்தப்பா. சண்டை வர்ற இடமே இதுதான். யார் பேரு மொதல்ல, யார் பேரு விட்டுப்போச்சு, இறந்து போனவங்களுக்கு முன்னாடி தெய்வத்திரு போட்டாச்சா, இதெல்லாம் பிரஸ்ஸுல ப்ரூஃப் (அச்சடிக்கறதுக்கு முன்னாடி சரி பாக்கற மாதிரித் தாள்) பாக்கறப்ப ஞாபகம் வந்தா செலவு, வீட்ல உக்காந்து யோசிக்கறப்ப வந்தா செலவே இல்ல. நான் சொல்ற ஒரு வழி, தாய்மாமன் வீட்டுக்கு போன் போட்டு அவங்க வாயாலயே பேர சொல்ல வச்சு எழுதிக்கோங்க. கேட்டாங்களேன்னு அவங்களுக்கும் சந்தோஷம், எழுத்துப் பிழையும் வராது.

மாப்பிள்ள வீட்டு கார்டும் பொண்ணு வீட்டு கார்டும் தனித்தனியா அடிக்கறதுதான் வழக்கம். அவங்கவங்க கார்டுல "எங்கள் மகன்", "எங்கள் மகள்"னு அவங்கவங்க புள்ள மொதல்ல வரும், கீழ அவங்கவங்க சொந்தக்காரங்க பேரு வரும். ஆனா தேதி, நேரம், மண்டபம் ரெண்டுலயும் ஒண்ணா இருக்கணும். ஒரு வீட்டு ஃபைல மாத்திட்டு இன்னொன்ன மறந்துடற தப்பு ரொம்ப நடக்குது, அதனால ஒரே ஆள் ரெண்டு கார்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு படிக்கணும்.

திருவளர்செல்வன், திருநிறைசெல்வன் இந்த ரெண்டுக்கும் வித்தியாசம் உண்டுன்னு பெரியவங்க சொல்லுவாங்க. அந்த வீட்ல இன்னும் கல்யாணம் ஆக வேண்டிய தம்பி தங்கச்சி இருந்தா திருவளர், கடைசிப் புள்ளையோ ஒரே புள்ளையோ ஆனா திருநிறை. இப்ப நெறைய பேரு பாக்கறதில்ல, ஆனா பாக்கற பெரியவங்க ஒருத்தர் வீட்ல கண்டிப்பா இருப்பாங்க, கேட்டுட்டு போடுங்க. திருவளர்க்கு அப்புறம் ச் வரக் கூடாது, அத சேத்து அடிக்கறது சர்வ சாதாரணமா இருக்கு.

"நிகழும் மங்களகரமான"ன்னு ஆரம்பிக்கற அந்த நீளமான வரி இருக்கே, வருஷம், மாசம், தேதி, கிழமை, திதி, நட்சத்திரம், யோகம், லக்னம் எல்லாம் வர்றது, அத ஜோசியர் இல்லன்னா ஐயர் எழுதிக் குடுத்த சீட்ட பாத்துதான் போடணும், போன வருஷம் அக்கா கல்யாணத்துக்கு அடிச்ச கார்ட பாத்து காப்பி அடிக்கக் கூடாது. 2025 ஏப்ரல்ல பொறந்தது விசுவாவசு வருஷம், 2026 ஏப்ரல் 14-ல இருந்து பராபவ, அதுக்கு அடுத்தது பிலவங்க. பழைய ஃபைல்ல தேதிய மட்டும் மாத்திட்டு வருஷப் பேர அப்படியே விட்டுட்டு அடிச்ச கார்டு நான் பல பாத்திருக்கேன். திருவள்ளுவர் ஆண்டு போடறவங்க இங்கிலீஷ் வருஷத்தோட 31 கூட்டிக்கணும், 2026-க்கு 2057.

ரிசப்ஷனுக்கும் முகூர்த்தத்துக்கும் தனித்தனியா தேதி, கிழமை, நேரம் மூணும் போடுங்க. எது மொதல்ல நடக்குதோ அத மொதல்ல போடுங்க. "அன்று மாலை", "முன்தினம் மாலை"ங்கற வார்த்தையெல்லாம் வேணவே வேணாம்.

எத்தன கார்டு

தலைய எண்ணாதீங்க, வீட்ட எண்ணுங்க. ஒரு வீட்டுக்கு ஒரு கார்டு. லிஸ்ட்டு முடிஞ்சதும் அதுக்கு மேல பத்துல ஒரு பங்கு சேத்துக்கோங்க, 400 வீடுன்னா 440. பத்தாம போயி மறுபடி 30 கார்டு மட்டும் அடிக்கணும்னா ஸ்கிரீன் (மை தேய்ச்சு அச்சடிக்கற வலைச் சட்டம்) போடற கூலி, செட்டிங் எல்லாம் திரும்ப மொதல்ல இருந்து வரும், அந்த 30 கார்டு தங்க வெலையா போயிடும். ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸுக்கும் தெருக்காரங்களுக்கும் சிம்பிளா ஒரு கார்டு, நெருங்கின சொந்தத்துக்கு தட்டு வச்சு குடுக்க கொஞ்சம் நல்ல கார்டு, இப்படி ரெண்டு தினுசா பிரிச்சா கைக்கும் அடக்கமா இருக்கும்.

ரெடிமேடா, புதுசா போடறதா

பஜார்ல கார்டு கடைக்கு போனீங்கன்னா ஆல்பம் ஆல்பமா எடுத்து போடுவாங்க. அது பெரும்பாலும் சிவகாசியில இருந்தோ சென்னையில இருந்தோ வர்ற ரெடிமேட் கார்டு. பிள்ளையார், பார்டர், பூ எல்லாம் முன்னாடியே அடிச்சிருக்கும், உள்ள நம்ம மேட்டர மட்டும் இங்க ஸ்கிரீன் பிரிண்டிங்கோ ஆஃப்செட்டோ போட்டு குடுப்பாங்க. அவசரத்துக்கு இதுதான் சரி. நெறைய வெரைட்டி பாக்கணும்னா காட்பாடியில ரயில் ஏறி சென்னை பாரிஸ் கார்னர் ஆண்டர்சன் தெருவுக்கு ஒரு நடை போயிட்டு வரலாம், கார்டு கடையும் பேப்பர் கடையும் வரிசையா இருக்கு. ஆனா அங்கயே பிரிண்டிங்கும் குடுத்துட்டு வந்தா ப்ரூஃப் பாக்க மறுபடி அலையணும், கார்ட மட்டும் வாங்கிட்டு வந்து அச்சடிக்கறத இங்க வச்சிக்கறது நல்லது.

ரெடிமேட்ல பாக்க வேண்டியது ஒண்ணுதான், உள்ள எடம் பத்துமா? மேட்டர கையில எடுத்துகினு போங்கன்னு நான் சொல்றதே இதுக்குதான். கார்டு அழகா இருக்குன்னு வாங்கிட்டு வந்து இருபத்தஞ்சு வரிய அதுக்குள்ள திணிச்சா எழுத்து எறும்பு மாதிரி ஆயிடும்.

நாமளே புதுசா டிசைன் பண்ணா டிஜிட்டல் பிரிண்ட்ல கொஞ்சமா எடுக்கலாம், ஆஃப்செட்ல பிளேட் போட்டு நெறையா எடுக்கலாம். நூறு இருநூறு கார்டுக்கு டிஜிட்டல், ஐநூறு ஆயிரம்னா ஆஃப்செட்டுக்கும் சேத்து ரேட்டு கேளுங்க. சைஸ் முடிவு பண்றப்ப ஷீட்ட நெனச்சு முடிவு பண்ணணும். டிஜிட்டல்ல 12-க்கு 18 இன்ச் ஷீட்டு சாதாரணமா கிடைக்கும், அதுல 5-க்கு 7 இன்ச் கார்டு நாலு உக்காரும், வெட்டறதுக்கு ஓரமும் மிஞ்சும். 500 கார்டுன்னா 125 ஷீட்டு, வேஸ்ட்டுக்கு அஞ்சாறு சேத்துக்கணும். அதே கார்ட கொஞ்சம் பெருசா இருக்கட்டும்னு 6-க்கு 9 ஆக்கினா கணக்குல நாலு வரும், ஆனா ஓரம் வெட்ட எடமே இருக்காது, கடைசியில ஷீட்டுக்கு ரெண்டுதான் எடுக்க முடியும். ஒண்ணு ரெண்டு இன்ச்சுல செலவு அப்படியே ஏறும்.

பேப்பர் கனத்த ஜிஎஸ்எம்னு சொல்லுவாங்க, ஒரு சதுர மீட்டர் பேப்பர் எத்தன கிராம்ங்கற கணக்கு. ஒத்த கார்டுக்கு 300, மடிக்கற கார்டுக்கு 250 பக்கம், உள்ள வைக்கற தாளுக்கு 120 போதும். கனமான அட்டைய மடிக்கணும்னா க்ரீசிங் (மடிக்கற எடத்துல பள்ளக்கோடு) போடச் சொல்லுங்க, இல்லன்னா மடிப்புல கலர் வெடிச்சு வெள்ளையா தெரியும். ஃபைல்ல சுத்தி 3 மில்லிமீட்டர் ப்ளீட் (வெட்டறப்ப போற கூடுதல் ஓரம்) விடணும், எழுத்து எதுவும் ஓரத்துல இருந்து 5 மில்லிமீட்டருக்குள்ள வரக்கூடாது, படம் 300 டிபிஐ (ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளி), கலர் சிஎம்ஒய்கே (அச்சுக்கான நாலு மை கலர் முறை). வாட்ஸ்அப்ல வந்த பிள்ளையார் படத்த எடுத்து போட்டா அச்சுல மங்கலாதான் வரும்.

மஞ்சள் தடவற நாலு மூலைய டிசைன் பண்றவங்க மறந்துடறாங்க. பளபளன்னு கிளாஸ் லேமினேஷன் போட்ட கார்டுல மஞ்சள் நிக்காது, உதிர்ந்து உள்ள இருக்கற கார்டெல்லாம் கறை ஆக்கும். லேமினேஷன் இல்லாத பேப்பரா இருந்தா தண்ணி கம்மியா குழைச்சு தடவணும், இல்லன்னா ஊறி பரவிடும். மூலையில எழுத்தோ நுணுக்கமான பார்டரோ வைக்காதீங்க. அதே மாதிரி கவர். மெரூன், நேவி ப்ளூன்னு டார்க் கலர் முத்து பேப்பர் கவர் ரொம்ப அழகா இருக்கும், ஆனா அதுமேல பேரு எழுத பால் பேனா வழுக்கும், ஜெல் பேனா காயாம இழுவும். பேரு எழுதற எடத்துல மட்டும் வெளிர் கலர்ல ஒரு கட்டம் விடுங்க, இல்லன்னா தனியா ஒரு வெள்ள ஸ்டிக்கர் ஒட்டுங்க. நானூறு கவருக்கு பேரு எழுதப் போறது வீட்ல இருக்கற அண்ணியும் தங்கச்சியும்தான், அவங்க கைய கொஞ்சம் நெனச்சு பாருங்க.

என்ன டிசைன் போடலாம்

எல்லாரும் போடற மயிலும் யானையும் நல்லாதான் இருக்கு. ஆனா நம்ம ஊர்ல இருக்கறத ஏன் விடணும்? கோட்டைக்குள்ள ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துக்கு போயி பாருங்க, விஜயநகர காலத்து வேல, 16-ஆம் நூற்றாண்டு, தூணு தூணா யாளியும் முன்னங்கால தூக்கி நிக்கற குதிரையும். பேரே கல்யாண மண்டபம், பத்திரிக்கைக்கு இத விட பொருத்தமா வேற என்ன வேணும். ரெண்டு தூண கோட்டு ஓவியமா வரைஞ்சு ரெண்டு பக்கம் நிறுத்தி நடுவுல மேட்டர் வச்சா கார்டே ஒரு மண்டபம் மாதிரி ஆயிடும். போட்டோவ அப்படியே போடாதீங்க, கருங்கல்லு அச்சுல அழுக்கு மாதிரி தெரியும். வரைஞ்சா ஒத்த கலர் போதும், ஸ்கிரீன் பிரிண்டிங்லயே முடிஞ்சிடும், செலவும் கம்மி.

முருகன கும்பிடற வீடுன்னா வள்ளிமலை இருக்கு, முருகன் வள்ளிய தேடி வந்த மலைன்னு நம்ம ஜனங்க நம்பற எடம். மலையும் தினைப்புனமும் வேலும் மட்டும் வச்சு ஒரு சின்னப் படம், அதுக்கு கீழ முருகன் துணை. அதுவே கதைய சொல்லிடும்.

எனக்கு ரொம்ப புடிச்சது முகூர்த்தப் புடவை பார்டர். ஆரணி இப்ப திருவண்ணாமலை மாவட்டம், 1989-ல பிரிக்கறதுக்கு முன்னாடி வட ஆற்காடுதான், இன்னிக்கும் நம்ம வீடுகள்ல பாதிப் பேரு பட்டு எடுக்க அங்கதான் போறோம். புடவை எடுத்ததும் பார்டர வெயில் நேரா படாத வெளிச்சத்துல தட்டையா வச்சு போட்டோ எடுத்து, அந்த ஒரு பூவையோ அன்னத்தையோ மட்டும் டிசைனர்கிட்ட வரையச் சொல்லி அதையே கார்டு ஓரத்துக்கும், கவர் மூடற பக்கத்துக்கும், தாம்பூலப் பைக்கும் போடுங்க. பொண்ணு மேடையில நிக்கறப்ப புடவையும் கையில இருக்கற பத்திரிக்கையும் ஒண்ணா இருக்கும். இதுக்கு புடவைய முன்னாடியே எடுத்துடணும், அது ஒண்ணுதான் கண்டிஷன்.

குடியாத்தம் பக்கத்து வீடுன்னா கைத்தறி லுங்கி கட்டம் போடலாம், கவருக்கு உள் பக்கம் அந்த கட்டம் வந்தா திறந்ததும் ஒரு சந்தோஷம். தீப்பெட்டி வேலை நெறைய நடக்கற ஊருங்கறதால ரிட்டர்ன் கிஃப்ட் டேக்க பழைய தீப்பெட்டி லேபிள் மாதிரி, ரெண்டு கலர்ல, நடுவுல ஒரு குத்துவிளக்கு வச்சு பண்ணலாம்.

சாமி படம் பத்தி ஒண்ணு சொல்லணும். கவர் மேல பெருசா சாமி போட்டா வாங்கறவங்களுக்கு அத தூக்கிப் போட மனசு வராது, வச்சிக்கவும் எடம் இருக்காது. உள்ள தனியா ஒரு சின்ன அட்டையில சாமிய போட்டு வைங்க, அத மட்டும் பூஜை அறையில சொருகி வச்சிப்பாங்க, பல வருஷம் இருக்கும்.

தமிழ் எழுத்து உடையாம இருக்க

இதுலதான் புதுசா வர்றவங்க மாட்டிக்கறாங்க. நீங்க போன்ல டைப் பண்ற தமிழ் யூனிகோட், எல்லா போன்லயும் கம்ப்யூட்டர்லயும் பொதுவான எழுத்து முறை. டிடிபி (கம்ப்யூட்டர்ல டைப் பண்ணி பக்கம் அமைக்கற) கடையில பல பேரு இன்னும் பாமினி, செந்தமிழ், ஸ்ரீலிபி மாதிரி பழைய ஃபாண்ட்லதான் வேல பாக்கறாங்க, அதுல நீங்க வாட்ஸ்அப்ல அனுப்பின மேட்டர ஒட்டினா கட்டம் கட்டமாவோ சம்பந்தமில்லாத எழுத்தாவோ வரும். அப்ப அவங்க கன்வெர்ட்டர்ல போடுவாங்க இல்லன்னா திரும்ப டைப் பண்ணுவாங்க, ரெண்டுலயும் பிழை வரும். கன்வெர்ட் ஆன மேட்டர்ல ஸ்ரீ, ஜ, ஷ, க்ஷ இந்த எழுத்துங்களையும் கொ, கோ, கௌ மாதிரி ரெண்டு பக்கமும் கொம்பு கால் வர்ற எழுத்துங்களையும் ஒண்ணொண்ணா பாருங்க.

நீங்களே யூனிகோட்ல டிசைன் பண்ணா ஃபோட்டோஷாப்ல, இன்டிசைன்ல வேர்ல்டு ரெடிங்கற செட்டிங் (நம்ம எழுத்த சரியா கோக்கறது) ஆன்ல இருக்கணும், இல்லன்னா ஒற்றைக் கொம்பு எழுத்துக்கு பின்னாடி போயி நிக்கும். கூகுள் ஃபாண்ட்ஸ்ல இலவசமாவே நல்ல தமிழ் ஃபாண்டு இருக்கு. மேட்டருக்கு நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, பேருக்கு கவிவனார், அரிமா, பலூ தம்பி. ஒரு கார்டுக்கு ரெண்டு ஃபாண்டு போதும். எழுத்துக்கு நடுவுல எடம் விட்டு இழுக்காதீங்க, இங்கிலீஷுக்கு அது அழகு, தமிழ்ல கொம்பும் காலும் தனித்தனியா பிரிஞ்சு படிக்கவே முடியாது. பிரஸ்ஸுக்கு அனுப்பறப்ப எழுத்த எல்லாம் கர்வ் (ஃபாண்டு தேவைப்படாத கோட்டு வடிவம்) ஆக்கி பிடிஎஃப்பா குடுங்க, அந்த கம்ப்யூட்டர்ல ஃபாண்டு இல்லன்னாலும் உடையாது.

கோல்டு பாயில் மேல எல்லாருக்கும் ஆசை. ஆனா பொடி எழுத்துக்கு பாயில் போட்டா ண, ஞ, ஜ மாதிரி சுழி எழுத்து அடைச்சுக்கும், புள்ளி காணாம போயிடும். தமிழ்ல புள்ளி போனா எழுத்தே மாறிடும், யார் வீட்டு பேராவது தப்பா ஆச்சுன்னா அவங்களுக்கு எவ்ளோ வருத்தம். அதனால பாயில பொண்ணு மாப்பிள்ள பேருக்கும் பார்டருக்கும் மட்டும் வைங்க, 18 பாயின்ட்டுக்கு மேல. மேட்டர் 11, 12 பாயின்ட்டுக்கு கீழ போகவே கூடாது, கிரீம் பேப்பர்ல மெரூன் இல்லன்னா கரும்பச்சை. கிரீம்ல தங்க எழுத்து, வெளிச்சத்துல சாய்ச்சு சாய்ச்சு படிக்கணும், வேணாம்.

வேற முறை கல்யாணங்கள்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் நிக்காஹ் பத்திரிக்கை உருதுவிலயும் தமிழ் இல்லன்னா இங்கிலீஷ்லயும் சேந்து வரும். உருது வலது பக்கத்துல இருந்து படிக்கறது, அதனால மடிக்கற கார்டு அந்தப் பக்கமா திறக்கணும். ஒரு பக்கம் உருது அட்டை, திருப்பினா தமிழ் அட்டைன்னு ரெண்டு பக்கத்துல இருந்தும் திறக்கற மாதிரி பண்ணா சரியா இருக்கும். உருது டைப் பண்றவங்க இன்பேஜ்ங்கற சாஃப்ட்வேர்ல நஸ்தலீக்ங்கற எழுத்து வடிவத்துல பண்ணி தருவாங்க, அந்த எழுத்து சாய்வா எறங்கி வர்றதால வரிக்கு நடுவுல எடம் நெறையா வேணும். நிக்காஹ், வலீமா (கல்யாண விருந்து) ரெண்டுக்கும் தனித்தனி தேதி, ஹிஜ்ரி தேதிய அவங்க பெரியவங்ககிட்ட கேட்டு போடணும்.

சர்ச் கல்யாணத்துல வேத வசனம் ஒண்ணு மேல வரும், வசனத்த பைபிள பாத்து அப்படியே எடுங்க, ஞாபகத்துல இருந்து எழுதாதீங்க. ஆராதனை நடக்கற சர்ச்சும் ரிசப்ஷன் நடக்கற ஹாலும் வேற வேற எடம்னா ரெண்டு அட்ரஸும் ஒரே அளவு எழுத்துல வரணும். சுயமரியாதைக் கல்யாணம்னா முகூர்த்த வரி கிடையாது, வாழ்க்கைத் துணை ஒப்பந்த விழான்னு போட்டு தலைமை தாங்கறவங்க, வாழ்த்துறவங்க பேரு வரிசையா வரும். தமிழ்நாட்டுல 1967-ல கொண்டு வந்த சட்டத் திருத்தத்துல இந்த கல்யாணம் முழுசா சட்டப்படி செல்லும், அதனால யார் என்ன சொன்னாலும் தயங்காம தைரியமா அடிங்க. சித்தூர் பக்கம் சொந்தம் இருக்கற தெலுங்கு பேசற வீடுன்னா கொஞ்சம் கார்டு தெலுங்குல அடிங்க, அந்த ஊர் பாட்டி அத தடவித் தடவி படிக்கறத நான் பாத்திருக்கேன்.

ப்ரூஃப்

ப்ரூஃப போன்ல பாக்காதீங்க. அதே சைஸ்ல பேப்பர்ல பிரிண்ட் எடுத்து மூணு பேரு படிக்கணும். ஒருத்தர் சத்தமா, ஒருத்தர் மேட்டர் எழுதின தாள பாத்துகினே, இன்னொருத்தர் இந்த கல்யாணத்துக்கு சம்பந்தமே இல்லாத ஆளு. அவர்கிட்ட குடுத்து ரிசப்ஷன் என்னிக்குன்னு மட்டும் கேளுங்க, ஒரு நொடி யோசிச்சார்னா டிசைன் இன்னும் சரியில்ல. தேதிக்கும் கிழமைக்கும் தினசரி காலண்டர கிழிக்காம பொரட்டி பாருங்க. மண்டபம் பேரு ஒண்ணா ரெண்டு எடத்துல இருக்கும், காட்பாடி ரோட்லயா சத்துவாச்சாரியிலயான்னு பக்கத்துல ஒரு அடையாளத்தோட போடுங்க. இப்ப வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்னு 2019-ல மாவட்டம் மூணா பிரிஞ்சாச்சு, பழைய கார்ட பாத்து ஆற்காட்டையும் வாலாஜாவையும் வேலூர் மாவட்டம்னு போட்டுடாதீங்க. எல்லாம் சரின்னா அந்த தாள்லயே கையெழுத்து போட்டு தேதி எழுதி குடுங்க, நமக்கும் பாதுகாப்பு, பிரஸ்காரருக்கும் பாதுகாப்பு.

நாள் கணக்கு சொல்லணும்னா கல்யாணத்துக்கு ரெண்டு மாசம் முன்னாடி மேட்டர், ஒன்றரை மாசத்துல ஆர்டர், ஒரு மாசம் இருக்கறப்ப கார்டு கையில. குலதெய்வத்துக்கு வச்சிட்டுதான் பத்திரிக்கை வைக்க கிளம்பணும், குலதெய்வம் எங்கயோ தூரத்துல இருந்தா அதுக்கும் ஒரு ஞாயித்துக்கிழமை போயிடும். ஆவணியில கல்யாணம்னா ஆடியிலயே ஆர்டர் குடுங்க, அப்ப பிரஸ்ல கூட்டம் இருக்காது, நிதானமா பாத்து செய்வாங்க.

வாட்ஸ்அப் பத்திரிக்கை

அச்சுக் கார்ட போட்டோ எடுத்து அனுப்பறது வேணாம். 1080-க்கு 1920 அளவுல நீட்டு வாக்குல தனியா ஒண்ணு பண்ணுங்க, பேரு, ரெண்டு தேதி, மண்டபம், மேப் லிங்க் மட்டும், சொந்தக்காரங்க பேரு வரிசை அதுல தேவையில்ல. ஜேபிஜி இல்லன்னா பிடிஎஃப்பா மட்டும் அனுப்புங்க. கல்யாணப் பத்திரிக்கைன்னு சொல்லி ஏபிகே ஃபைல் அனுப்பி போன்ல இருந்து பணத்த எடுக்கற மோசடி நடக்குது, அதனால கூடவே நாலு வார்த்தை நீங்களே டைப் பண்ணி இல்லன்னா பேசி அனுப்புங்க, வாங்கறவங்க பயமில்லாம திறப்பாங்க.

அச்சுக் கார்டுல மேப்புக்கு கியூஆர் கோடு போடறதா இருந்தா 2 சென்டிமீட்டருக்கு கொறையாம, வெள்ளை மேல கருப்புல போடுங்க. பாயில்லயும் வெளிர் கலர்லயும் போட்டா ஸ்கேன் ஆகாது. ப்ரூஃப் தாள்லயே ரெண்டு மூணு போன்ல ஸ்கேன் பண்ணி பாத்துடுங்க.

ரிசப்ஷனுக்கு வேண்டிய அச்சு வேலைங்க

கார்டுல வச்ச அதே பூ, அதே ரெண்டு கலர், அதே ஃபாண்ட்ட எல்லாத்துக்கும் ஓட்டுங்க, அவ்ளோதான் ரகசியம். வாசல்ல வரவேற்புப் பலகை ஃபோம் போர்டுல பண்ணா லைட்டு பட்டு பளபளக்காது, பத்தடி தூரத்துல இருந்து பேரு தெரியணும். ஒரே காம்ப்ளெக்ஸ்ல மேல ஒரு ஹால் கீழ ஒரு ஹால்னு ரெண்டு கல்யாணம் நடக்கும், அதனால பேரோட அம்புக்குறி போட்ட சின்ன போர்டு நாலு அடிச்சு வைங்க, டைனிங் ஹாலுக்கு ஒண்ணு, கை கழுவற எடத்துக்கு ஒண்ணு. பாட்டிங்க யாரையும் கேக்காம போயிட்டு வருவாங்க.

சாப்பாட்டுக்கு மெனு கார்டு ஆளுக்கு ஒண்ணு தேவையில்ல, பஃபேன்னா ஒவ்வொரு பாத்திரத்துக்கு முன்னாடி மடிச்சு நிக்கற அட்டை போதும். சைவம் பச்சை பார்டர், அசைவம் செவப்பு பார்டர். பிரியாணி பக்கத்துல இருக்கற கத்திரிக்காய் பச்சடிக்கும் அட்டை வைங்க, வெளியூர்ல இருந்து வர்றவங்களுக்கு அது என்னன்னே தெரியாது. தண்ணி பாட்டில்ல பேரு ஸ்டிக்கர் ஒட்டறவங்க தண்ணி பட்டா கரையாத ஸ்டிக்கர் பேப்பர் கேளுங்க, சாதா ஸ்டிக்கர் ஐஸ் பெட்டியில இருந்து எடுத்ததும் கையோட வந்துடும்.

தாம்பூலப் பைக்கு துணிப்பை. பிளாஸ்டிக் கேரி பேக்கு தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1-ல இருந்தே தடை. மஞ்சப்பையில மெரூன் ஒத்த கலர் ஸ்கிரீன் பிரிண்ட், ஒரு பக்கம் பேரும் தேதியும், இன்னொரு பக்கம் அந்த புடவை பார்டர் பூ மட்டும். பூ இருக்கற பக்கத்த வெளிய காட்டிகினு மார்க்கெட்டுக்கு எடுத்துட்டு போவாங்க, பேரு மட்டும் பெருசா இருந்தா பீரோவுலயே கெடக்கும். மொய் எழுதற மேசைக்கு கோடு போட்ட கனமான நோட்டு ஒண்ணு, முதல் பக்கத்துல பிள்ளையார் சுழி போட்டு பேரு அச்சடிச்சு வைங்க. பக்கத்துல ஊர்ப் பேருக்கு தனி காலம் இருக்கட்டும், திரும்ப செய்யறப்ப எந்த ஊர் குமார்னு தேட வேண்டியதில்ல. மொய் கவரும் ஒரு கட்டு வைங்க, கவர் மறந்துட்டு வர்றவங்க நெறைய பேரு.

கடைசியா, எல்லாருக்கும் வச்சு முடிச்சதும் பத்து கார்ட தனியா எடுத்து வைங்க. தமிழ்நாட்டுல 2009 சட்டப்படி எல்லா கல்யாணத்தையும் பதிவு பண்ணணும், 90 நாளுக்குள்ள. சார்பதிவாளர் ஆபீஸ்ல மத்த சர்ட்டிஃபிகேட்டோட கல்யாணப் பத்திரிக்கையும் கேப்பாங்க. பேரு ஆதார்ல இருக்கற மாதிரியே இருக்கணும்னு மொதல்ல சொன்னது இதுக்குதான். ரெண்டு கார்டு அதுக்கு, ஒண்ணு ஆல்பத்துக்கு, ஒண்ணு பொண்ணோட அம்மாவுக்கு, மஞ்சள் தடவாம ஒரு கவர்ல போட்டு பீரோ மேல் தட்டுல வைங்க.